காரைக் கல்லும் கற்கண்டும்: நான்கு வார ஒற்றைச்சரிவுக் குறிப்புகள்

பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிக் களிமண் மழையில் அரிபட்டு மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. அந்தக் களிமண்ணுக்குள் நரம்பு நரம்பாக ஜிப்சம் ஓடும். எங்கள் ஊரில் கடலைக்கு மண் அணைக்கும்போது மூட்டை மூட்டையாகப் போடுவோமே, அதே ஜிப்சம்தான். மூட்டையில் சாம்பல் தூளாகப் பார்த்தே பழகியவனுக்கு, அங்கே தரையில் கண்ணாடிச் சில் போல மின்னியதும் அதே சாமான் என்று நம்பச் சிரமமாக இருந்தது. உதிர்ந்து கிடந்ததில் உள்ளங்கை அளவு ஒரு கட்டியும் சில துண்டுகளும் எடுத்துக்கொண்டேன். தோண்டவில்லை. அங்கே தென்படும் தொல்லுயிர் எச்சங்களைத் தொடவும் இல்லை, அதை யாரும் செய்யக் கூடாது.

ஜிப்சம் மோனோகிளினிக் வகைப் படிகம். ஒற்றைச்சரிவு என்று தமிழில் எழுதுகிறார்கள். அது என்ன சரிவு என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு தீப்பெட்டி. உள்பெட்டியை உருவிவிட்டு மேலுறையை மட்டும் பக்கவாட்டில் லேசாக அழுத்துங்கள். வாய் சாய்சதுரமாகச் சரியும். ஆனால் உறையின் நீளவாக்கு மட்டும் அந்தச் சரிவுக்குச் செங்குத்தாகவே நிற்கும். படிகம் அடுக்கப்பட்டிருக்கும் மூன்று திசைகளை அச்சு என்பார்கள், அந்த மூன்று அச்சில் இரண்டு ஒன்றுக்கொன்று சாய்ந்தவை, மூன்றாவது அந்த இரண்டுக்கும் 90 டிகிரி. அவ்வளவுதான் விஷயம்.

முதல் வாரம் எளிய சோதனைகள். நகத்தால் கீறினால் கோடு விழுகிறது, அதாவது 1 முதல் 10 வரையான மோஸ் கடின அளவில் 2 வாக்கில். அடர்த்தி பார்க்க, நகை எடை போடும் சின்னத் தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினேன். கல் 46.4 கிராம். முக்கியதும் தராசு 21.2 கிராம் கூடுதலாகக் காட்டியது, அது கல் விலக்கிய தண்ணீரின் எடை. வகுத்தால் 2.19. ஜிப்சத்துக்கு 2.3-க்கு மேல் வர வேண்டுமே! உற்றுப் பார்த்தால் வெடிப்புகளுக்குள் காற்றுக்குமிழி. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீருக்குள்ளேயே உலுக்கி மறுபடி முக்கியபோது 20.0. இப்போது 2.32. அன்று முழுக்க அந்த எண்ணையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாம் வாரம்தான் உண்மையான சுவாரசியம். கட்டியின் விளிம்பில் பிளேடை வைத்து மெல்ல அழுத்தினால் வெங்காயச் சருகு போலத் தகடு பிரிகிறது. இந்தத் தகடு தீப்பெட்டி உறையைக் குறுக்கே சீவி எடுத்த சில் மாதிரி, சாய்ந்த இரண்டு அச்சும் அதன் பரப்பிலேயே படுத்திருக்கின்றன. தகட்டை வளைத்துப் பார்த்தேன். ஒரு திசையில் 'டிக்' என்று கண்ணாடி போல நேராக உடைந்தது. இன்னொரு திசையில் உடைய மாட்டேன் என்று முரண்டு பிடித்து, வளைந்து, கடைசியில் பட்டுநூல் பிரிந்தது போல நார் நாராக விட்டுக்கொடுத்தது. ஒரே தகடு, ஒரே விரல், இரண்டு குணம்! உடைந்த துண்டு தானாகவே சாய்சதுரமாக வந்திருந்தது. பள்ளிக்கூடப் பாகைமானியை வைத்தேன்: ஒரு மூலை 66, அடுத்தது 114. சாய்ந்த இரண்டு அச்சுக்கும் இடையே உள்ளதாகப் புத்தகத்தில் பீட்டா என்று போட்டிருக்கும் அந்த 114 டிகிரி கோணம் என் மேஜையில் கிடந்தது.

பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து எடுத்த மைக்காவும் ஒற்றைச்சரிவுதான். ஆனால் அதை வளைத்துவிட்டால் துள்ளி நேராகிறது. ஜிப்சத் தகடு வளைத்த வளைப்பிலேயே சோம்பிக் கிடக்கிறது.

சரி, வெளிச்சத்துக்கு என்ன செய்யும்? லேப்டாப்பில் வெள்ளைத் திரை, கையில் போலரைஸ்டு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும்) கூலிங் கிளாஸ். திரை கறுப்பாகும்வரை கண்ணாடியைச் சுழற்றி, நடுவில் தகட்டை நீட்டினேன். வெறும் வெள்ளை. தகடு தடிமன் அதிகம். செலோடேப் ஒட்டி உரித்து உரித்து மெலிதாக்கியதும் மஞ்சள், நீலம், ஓர் ஓரத்தில் மெஜந்தா. மில்லிமீட்டரில் நூற்றுக்கு ஆறு பங்கு தடிமனில்தான் அந்த மெஜந்தா வருமாம். பாறையியல் மைக்ராஸ்கோப்புகளில் 'ஜிப்சம் பிளேட்' என்று ஒன்றைச் செருகுவார்களே, அதுவும் இதே வித்தைதான். தகட்டைச் சுழற்றினால் ஒரு சுற்றுக்கு நான்கு முறை இருட்டுகிறது. மூன்று அச்சும் செங்குத்தான படிகமாக இருந்தால், அச்சோடு ஒட்டிய விளிம்பு கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டி நிற்கும்போதே இருட்டிவிடும். இங்கே 'டிக்' என்று நேராக உடைந்த அந்த விளிம்பு சட்டத்திலிருந்து ஏறக்குறைய 40 டிகிரி தள்ளி நின்றபோதுதான் இருட்டியது. இருக்க வேண்டியது 38 என்று பிறகு பார்த்தேன். என் கைநடுக்கத்துக்கு இரண்டு டிகிரி மோசமில்லை.

மூன்றாம் வாரம் வறுவல். 20.0 கிராம் துண்டுகளை ஓடிஜி மின் அடுப்பில் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். "கல்லை வறுத்துத் திங்கப்போறியாடா?" என்று அம்மா கேட்டுவிட்டுப் போனார். வெளியே எடுத்தபோது பளபளப்பெல்லாம் போய்ச் சுண்ணாம்பு வெள்ளை. எடை 16.9. படிகத்துக்குள் கட்டுண்டு கிடந்த தண்ணீரில் முக்கால் பங்கு போயிருக்கிறது, கணக்குப்படி 15.7 சதவீதம் குறைய வேண்டும், எனக்கு 15.5. பொடித்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் கால் மணி நேரத்தில் லேசாகச் சூடாகி இறுகியது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்! சரியாகச் சலிக்காததால் மணல் மணலாக இருக்கிறது, பொம்மைக்கு உதவாது.

அப்புறம் கற்கண்டு. கனிமம் இல்லைதான், ஆனால் சர்க்கரையும் ஒற்றைச்சரிவுப் படிகம், அதன் பீட்டா ஏறக்குறைய 103 டிகிரி. பாகு காய்ச்சி நூல் தொங்கவிட்டேன். முதல் பாட்டிலில் எறும்பு. இரண்டாவதில் பாகு முற்றிப்போய் அடியோடு ஒரே பாறை. கடைசியில் கடைக் கற்கண்டிலேயே நல்ல முகமுள்ளதாகப் பொறுக்கி, மொபைலில் நேர்மேலிருந்து படம் எடுத்து அளந்தேன். 101, 104, 103. இருட்டறையில் இடுக்கியால் நொறுக்கினால் நீலமாக ஒரு மின்னல் தெரியும், அது தனி வேடிக்கை.

அடுத்தது நிலாக்கல். காங்கேயம் பக்கத்து நிலாக்கல்லில் பெரும்பகுதி ஆர்த்தோகிளேஸ் என்ற கனிமம், அதுவும் ஒற்றைச்சரிவு. ஆனால் 90 டிகிரியில் பிளக்கும். குழப்பமாக இருந்தது. தீப்பெட்டி உறையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்: அடிப்பலகைக்கும் வாய்க்கும் இடையே 90தானே! பிளவுகள் அந்த இரண்டின் வழியே போகின்றன, சரிவு இருக்கும் பக்கம் போகவில்லை. உடைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். கையில் இருக்கும் ஒரே நிலாக்கல் தங்கை மோதிரத்தில் இருக்கிறது, கேட்டேன், கதவைச் சாத்திக்கொண்டாள்.