கல்லூரி சாக்கர் டீமில் மகனுக்கு இடம் தேடிய அனுபவம்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனை வைத்துக்கொண்டு கல்லூரி சாக்கர் (கால்பந்து) டீம்களுக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோச் வாயால் கொடுக்கும் வாக்கை நம்பி மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். எங்கள் மகனுக்கு டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல் நிலை) கல்லூரி ஒன்றில் இடம் உறுதி என்று சொல்லி வந்த அசிஸ்டென்ட் கோச், 2024 சீசன் முடிந்ததும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவரிடமிருந்து, ரோஸ்டர் (டீம் பட்டியல்) நிறைந்துவிட்டது என்று இரண்டு வரி மெயில்தான் வந்தது. ஒரு போன்கூடச் செய்யவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிளப், ஹைலைட் வீடியோ எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்துதான் டிவிஷன் ஒன் கோச்சுகள் பையன்களிடம் நேரடியாகப் பேசலாம். அன்றிலிருந்து மெயில்கள் குவியும். பெரும்பாலானவை ஐடி கேம்புக்கு, அதாவது கோச்சுகள் பையன்களின் ஆட்டத்தைப் பார்க்கும் முகாமுக்கு, பணம் கட்டச் சொல்லும் பொது மெயில்கள். பையன் எந்த மேட்சில் என்ன செய்தான் என்று எழுதியிருந்தால் மட்டும் அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம்.

எங்களைப் படுத்தியெடுத்தது ஒன்பதாம் வகுப்பு மார்க்ஷீட். டிவிஷன் ஒன், டூ கல்லூரிகளில் ஆட, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் எலிஜிபிலிட்டி சென்டரில் தகுதிச் சான்று வாங்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து 16 கோர் கோர்ஸ்கள் (ஆங்கிலம், கணக்கு, அறிவியல் போன்ற முக்கியப் பாடங்கள்) கணக்கில் வரும். டிவிஷன் ஒன் என்றால் அதில் 10, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். எங்கள் மகன் ஒன்பதாவது படித்தது சென்னையில். 2022-ல்தான் நியூஜெர்சி வந்தோம். ஆக, அந்த ஒரு வருடத்துக்குப் பள்ளியின் முத்திரையோடு பாடவாரியான மதிப்பெண் தேவைப்பட்டது.

என் தம்பியைப் பள்ளிக்கு அனுப்பினேன். "அக்கா, ஒன்பதாவது போர்டு எக்ஸாம் இல்லையாம், அதுக்கெல்லாம் மார்க்ஷீட் தர்றது கிடையாதாம். டிசி கொடுத்தாச்சே, அது போதும்னு கிளார்க் சொல்றார்" என்றான். டிசி-யில் மதிப்பெண் ஏது? மறுபடி போனால் பிரின்சிபால் லீவு. அதற்கடுத்த முறை, கடிதம் எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். ஒருவழியாக வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பினான். திறந்து பார்த்தால் வட்ட முத்திரை கணக்கு மார்க்கின் மேலேயே விழுந்திருக்கிறது. 8-ஆ 3-ஆ தெரியவில்லை. தம்பி சலிக்காமல் திரும்பப் போய், கிளார்க் பக்கத்திலேயே நின்று, வெற்றிடம் பார்த்து முத்திரை வைக்கச் சொல்லி வாங்கி வந்தான். அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இந்தியாவிலிருந்து இடம் மாறும் குடும்பங்கள், பையனுக்கு விளையாட்டில் ஆர்வம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டிசி வாங்கும் அன்றே ஒன்பதிலிருந்து எல்லா வருட மதிப்பெண்களையும் லெட்டர்ஹெட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கோச்சிங் ஸ்டாஃப் விஷயம். பார்வை எல்லாம் தலைமைக் கோச் மேலேயே இருக்கும். ஆனால் மேட்ச் பார்க்க வருவது, போன் செய்வது, பையனின் பெயரைப் பட்டியலில் வைத்திருப்பது பெரும்பாலும் அசிஸ்டென்ட் கோச்தான். அவர் போனால் உங்கள் பையனைத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. தலைமைக் கோச்சும் நிலையில்லை. 2024 டிசம்பரில் கேரி நகரில் நடந்த டிவிஷன் ஒன் இறுதியாட்டத்தில் மார்ஷல் பல்கலைக்கழகத்தை 2-1 என்று வென்று வெர்மான்ட் பல்கலைக்கழகம் முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. அந்த டீமை உருவாக்கிய ராப் டௌ, வென்ற கையோடு பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கோச்சுகளுக்கு அது பிழைப்பு, அதில் தவறில்லை. ஆனால் கொடுத்த வாக்குக்குப் பொறுப்பு யாருடையது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் வருடத்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தால், அதை ஏற்கும் டிவிஷன் ஒன் கல்லூரிகளில் ஆண்கள் சாக்கருக்கு 28 பேர் என்று வரம்பு வரப்போவதாகப் பேச்சு. ஒரு டீமுக்கு 9.9 முழு ஸ்காலர்ஷிப் என்ற பழைய கணக்கு போய்விடும் என்றார்கள். இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று பையன் கையெழுத்திடும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற முறையையும் 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது பிடிமானம் என்று இருப்பது கல்லூரி எழுத்தில் கொடுக்கும் நிதியுதவி ஒப்பந்தம் மட்டுமே. அது கைக்கு வராத வரை எதுவும் உறுதியில்லை. டீமின் ரோஸ்டரையும் நீங்களே உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பையனின் இடத்தில் எத்தனை பேர், அதில் யார் படிப்பை முடிக்கிறார்கள், எத்தனை பேர் வேறு கல்லூரியிலிருந்து டிரான்ஸ்பரில் வந்தவர்கள் என்று பார்த்தால் கோச் சொல்லாததும் தெரிந்துவிடும்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு டிவிஷன் த்ரீ கல்லூரி. விளையாட்டு ஸ்காலர்ஷிப் அங்கே கிடையாது என்பதால் நம்மவர்கள் பலர் டிவிஷன் த்ரீ என்றாலே முகம் சுளிக்கிறார்கள். இது சரியில்லை. 2022-ல் டிவிஷன் த்ரீ பட்டம் வென்ற சிகாகோ பல்கலைக்கழகம் படிப்பில் எப்பேர்ப்பட்ட இடம்! அந்த டீமின் அப்போதைய கோச் ஜூலியான் சிட்ச், ஆண்கள் சாக்கரில் என்சிஏஏ பட்டம் வென்ற முதல் பெண் தலைமைக் கோச்.

எங்கள் மகன் போன அந்தக் கல்லூரியின் தலைமைக் கோச், கோடையிலேயே டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மதிப்பெண் பட்டியல்) வாங்கி அட்மிஷன் ஆபீஸில் காட்டி, இடம் கிடைக்க வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். டிசம்பரில் மகனே அவருக்கு போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னான். "ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) எனக்கு இன்னும் தேவை, ஜனவரி கெடுவுக்குள் அப்ளை பண்ணு" என்றார். பள்ளி கவுன்சிலர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பும் நாளன்று மதியம் டிரான்ஸ்கிரிப்ட்டை அனுப்பிவைத்தார். அனுப்பியாச்சு என்று அவர் மெயில் வந்ததும் சமையலறையில் நின்று அழுதுவிட்டேன்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் எச்-4 விசா (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான விசா), ஆகையால் ஃபாஃப்ஸா என்ற விண்ணப்பம் மூலம் வரும் அரசு உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற குடும்ப நிதி விவரப் படிவத்தைப் பார்த்துச் சொந்தப் பணத்திலிருந்து உதவுகின்றன. ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான கெடுவும் விதியும் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். கோச்சிடம் கேட்காதீர்கள், நிதியுதவி ஆபீஸுக்கே எழுதி மெயிலில் பதில் வாங்குங்கள். எங்களுக்கு வந்த உதவித்தொகை, அந்த டிவிஷன் ஒன் அசிஸ்டென்ட் கோச் வாயால் சொன்ன தொகையைவிட அதிகம். இந்த முறை அது கையெழுத்தோடு காகிதத்தில் இருந்தது.