கணிப்பின் அகலம், கடனின் அளவு

பொருளாதாரக் கணிப்பு வெளியானதும் எல்லாரும் ஒரே எண்ணைத்தான் தேடுவார்கள். அடுத்த ஆண்டு வளர்ச்சி 3 சதவீதமா, 4 சதவீதமா? அந்த எண்ணை எடுத்து விற்பனைத் திட்டத்தில் போட்டு, அதன் மேல் கடன் கணக்கைக் கட்டிவிடுவார்கள். கணித்தவர்களோ அதை ஒற்றை எண்ணாக நினைப்பதே இல்லை. பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1996இல் பணவீக்கக் கணிப்பை விசிறி வடிவப் படமாக வெளியிடத் தொடங்கியது. நடுவில் அடர்த்தியான பட்டை, இரு பக்கமும் வெளிறிக்கொண்டே போகும் பட்டைகள். விசிறி முழுவதும் சேர்ந்து 100க்கு 90 வாய்ப்புகளைத்தான் அடக்குகிறது. மீதி 10 படத்துக்கு வெளியே. காலம் தள்ளிப்போகப் போக விசிறி அகலமாகும். தொழில் நடத்துபவருக்கு உதவுவது இந்த அகலம்தான். எவ்வளவு கடன் வாங்கலாம், எவ்வளவுக்குப் பங்கு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது.

முன்னறிகுறிகள் என்று சொல்லப்படுபவற்றையும் இதே கண்ணோடு பார்ப்பது நல்லது. கொள்முதல் மேலாளர்களிடம் கேட்டுத் தயாராகும் பிஎம்ஐ குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதத்தைவிட நிலைமை மேம்பட்டது என்று 40 சதவீதம் பேர், மாற்றமில்லை என்று 40 சதவீதம் பேர், மோசம் என்று 20 சதவீதம் பேர் சொன்னால் குறியீடு 60. மேம்பட்டது என்றவர்கள் முழுதாக, மாற்றமில்லை என்றவர்கள் பாதியாகச் சேர்கிறார்கள். 50க்கு மேல் என்றால் விரிவு, கீழே என்றால் சுருக்கம். ஆக, எத்தனை பேருக்கு நிலைமை மாறியது என்பதைத்தான் அது காட்டுகிறது. எவ்வளவு மாறியது என்பதை அல்ல. 60 வந்ததும் உற்பத்தி 10 சதவீதம் கூடிவிட்டதாக எழுதுபவர்களை இன்னும் பார்க்க முடிகிறது.

பத்தாண்டுக் கடன் பத்திரத்தின் வருவாய் விகிதம் ஈராண்டுப் பத்திரத்தைவிடக் கீழே போனால் மந்தநிலை நெருங்குகிறது என்பது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நம்பப்பட்ட குறி. 2022 ஜூலையில் அது தலைகீழானது. இரண்டு ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. அந்த இரண்டு ஆண்டில் மந்தநிலை வரவில்லை. மூன்று மாதச் சராசரி வேலையின்மை, முந்தைய 12 மாதத்தின் குறைந்த அளவைவிட அரை சதவீதப் புள்ளி கூடினால் மந்தநிலை தொடங்கிவிட்டது என்பது சாம் விதி. 2024 ஜூலைத் தரவு அந்த எல்லையையும் தொட்டது; அப்போதும் மந்தநிலை பிடிக்கவில்லை. குறிகள் பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. அவற்றுக்கும் விசிறி உண்டு. நடந்து முடிந்த காலாண்டுக்கே அப்படித்தான்: அமெரிக்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி (ஜிடிபி) எண் ஒரு மாத இடைவெளியில் மூன்று முறை வெளியாகிறது, மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது.

சரி, இந்த அகலத்தை உங்கள் நிறுவனத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? வெளி உலகில் உங்களைத் தொடுகிற மூன்று நான்கு விஷயங்களை மட்டும் பிரித்தெடுங்கள்: விற்பனை அளவு, வட்டி விகிதம், மூலப்பொருள் விலை, இறக்குமதி இருந்தால் நாணய மாற்று. அடுத்து, கடந்த எட்டு காலாண்டுகளில் நீங்களே போட்ட பட்ஜெட்டையும் உண்மையில் வந்த விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைச் சதவீதத்தில் எழுதுங்கள். அந்த எட்டு எண்கள்தான் உங்கள் விசிறி. வித்தியாசம் வழக்கமாக 10, 12 சதவீதம் என்று வந்தால், மோசமான நிலைக் கணக்கில் விற்பனையை 3 சதவீதம் குறைத்துக் காட்டுவது ஏமாற்று வேலை. கடன் கொடுப்பவரைக்கூட அதில் ஏமாற்ற முடியாது, ஏமாறுவது போட்டவர்தான்.

இப்போது கணக்கு. ஆண்டு விற்பனை 1,000 (லட்சமோ கோடியோ, எதுவானாலும் சரி). விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவு 60 சதவீதம், அதாவது 600. வாடகை, சம்பளம் போன்ற நிலைச் செலவு 270. கையில் மிஞ்சுவது 130. ஐந்தாண்டுக் கடன் 400 வாங்கினால், சுமார் 8 சதவீத வட்டியில் அசலும் வட்டியுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கட்ட வேண்டும். 130ஐ 100ஆல் வகுத்தால் 1.3. இதுதான் கடன் அடைப்புத் திறன் விகிதம். வங்கிக்காரர்கள் டிஎஸ்சிஆர் என்பார்கள். பொதுவாக 1.2 அல்லது 1.25க்குக் குறையாமல் எதிர்பார்ப்பார்கள். 1.3 இருக்கிறது, கடன் கிடைத்துவிடும்.

வட்டி மாறும் வட்டி என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீதப் புள்ளி ஏறினால் முதல் ஆண்டில் கூடுதல் சுமை 8. விகிதம் 130க்கு 108, அதாவது 1.2. இன்னும் மூச்சு இருக்கிறது. கூடவே விற்பனை 10 சதவீதம் குறையட்டும். விற்பனை 900, மாறும் செலவு 540, நிலைச் செலவு அதே 270, மிச்சம் 90. விற்பனையில் 10 சதவீதம் போனதற்குப் பணத்தில் 31 சதவீதம் போய்விட்டது. நிலைச் செலவு அசையாமல் இருப்பதால் வரும் விளைவு இது. விகிதம் 90க்கு 108, 0.83. தவணை கட்டக் கையில் பணமில்லை.

கவனியுங்கள், இரண்டும் தனித்தனியாக வருவதில்லை. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றும்போது, கொஞ்சம் தாமதமாகத் தேவையும் குறையும். வட்டி ஏற்றத்தை ஒரு தாளிலும் விற்பனைச் சரிவை இன்னொரு தாளிலும் சோதித்துவிட்டு இரண்டிலும் தேறிவிட்டோம் என்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மோசமான நிலையில் கைக்கு வருவது 90. அப்போதும் விகிதம் 1.1ஆவது நிற்க வேண்டுமென்றால் ஆண்டுத் தவணை 82ஐத் தாண்டக்கூடாது. ஏறிய வட்டியில் 400 கடனுக்கு 108 என்றால், 82க்குத் தாங்கும் கடன் சுமார் 300. தேவை 400 என்றால் மீதி 100 பங்கு மூலதனமாகத்தான் வர வேண்டும், அல்லது திட்டத்தைச் சுருக்க வேண்டும். விசிறி குறுகலாக இருக்கிற தொழிலில், உதாரணமாக நீண்டகால ஒப்பந்தத்தில் மாதாமாதம் கட்டணம் வருகிற தொழிலில், இதே முறை கடன் பங்கை உயர்த்திக் காட்டும். கடன் மலிவா, பங்கு மலிவா என்ற பட்டிமன்றத்தைவிட இது பயனுள்ள கேள்வி.

கடன் ஒப்பந்தத்தில் வட்டியைவிட அதிகம் படிக்க வேண்டியது நிபந்தனைப் பகுதி. தவணை ஒன்றுகூடத் தவறாமல் கட்டியிருந்தாலும், காலாண்டுச் சோதனையில் விகிதம் ஒப்பந்த எல்லைக்குக் கீழே போனால் அது ஒப்பந்த மீறல். முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கும் உரிமை அப்போது கடன் கொடுத்தவருக்கு வந்துவிடலாம். ஒரு கடனில் மீறினால் இன்னொரு கடனும் தானாக மீறலாகும் குறுக்குப் பிரிவும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். விகிதத்தில் வகுபடும் தொகையில் எந்தப் பணம் சேர்கிறது, இயக்குநர் எடுக்கும் சம்பளம் கழிக்கப்படுகிறதா, ஒருமுறை மட்டும் வந்த வருமானம் சேருமா என்பதெல்லாம் வரையறைப் பக்கத்தில் இருக்கும். எல்லையைத் தாண்டப்போவது தெரிந்தால், தாண்டும் முன்பே எழுத்தில் விலக்கு கேளுங்கள். தாண்டிய பிறகு கேட்டால் கட்டணமும் கூடும், பிணையும் கூடும். சொந்த ஜாமீன் கேட்டால் அதற்கு ஓர் உச்ச அளவும், எந்த நாளில் அது விலகும் என்ற தேதியும் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

காலப் பொருத்தம் இன்னொரு குழி. எட்டு ஆண்டு உழைக்கும் இயந்திரத்தை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஓவர்டிராஃப்டில் வாங்குவது. ஒரு வருடம் புதுப்பிக்க மறுத்தால் இயந்திரத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும். நீண்ட காலச் சொத்தைக் குறுகிய காலப் பணத்தில் சுமந்தால் வங்கியே தாங்காது: சிலிக்கான் வேலி வங்கி நீண்ட காலப் பத்திரங்களை எந்நேரமும் திருப்பிக் கேட்கக்கூடிய டெபாசிட்டுகளில் வைத்திருந்தது. வட்டி ஏறியது, பத்திரங்களின் மதிப்பு இறங்கியது, 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரைத் திரும்பக் கேட்டார்கள். மறுநாள் மூடப்பட்டது.

லாபம் இருக்கும்போதே பணம் தீர்ந்துபோவதையும் சொல்லியாக வேண்டும். மாத விற்பனை 100, சரக்கின் அடக்கம் 70. வாடிக்கையாளர் 60 நாளில் தருகிறார், சரக்கு 45 நாள் கிடங்கில் கிடக்கிறது, சப்ளையருக்கு நீங்கள் 30 நாளில் தருகிறீர்கள். வரவேண்டிய பாக்கி 200, சரக்கிருப்பு 105, கொடுக்கவேண்டியது 70. முடங்கிக் கிடக்கும் பணம் 235. ஆறு மாதத்தில் விற்பனை 150 ஆனால் அதே முடக்கம் 352.5 ஆகும், கூடுதலாக 117.5 தேவை. மாத லாபம் சராசரியாக 10 என்றாலும் ஆறு மாதத்தில் சேர்வது 60. மீதி 57.5 எங்கிருந்து வரும்? வளர்ச்சியை நிதியுதவி இல்லாமல் கொண்டாடுகிறவர்கள் இந்த வரியை எழுதிப் பார்ப்பதில்லை. முதலீட்டாளரைத் தேடும் முன் வசூலை 60 நாளிலிருந்து 45க்குக் கொண்டுவந்தாலே 150 விற்பனையில் 75 விடுபடும். அதற்கு யாருக்கும் பங்கும் தர வேண்டாம், வட்டியும் தர வேண்டாம்.

இதை முன்கூட்டியே காட்டுவது 13 வாரப் பணக் கணக்கு. ஒவ்வொரு வாரத்துக்கும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. வரவை விற்பனைச் சதவீதமாகப் போடக்கூடாது. இன்வாய்ஸ் இன்வாய்ஸாக, அந்த வாடிக்கையாளர் வழக்கமாக உண்மையில் கட்டும் நாளில் போட வேண்டும். வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரியைத் தன் பணமாக எண்ணுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. வரி கட்டும் வாரத்தில் திடீரென்று பள்ளம் விழும். வாரம் தவறாமல் புதுப்பித்து, ஏற்பட்ட வித்தியாசம் தள்ளிப்போனதா, போயே போனதா என்று பிரித்து எழுதுங்கள். முதலாவது அடுத்த வாரம் சரியாகும். இரண்டாவது ஆகாது.

பங்கு மூலதனத்துக்கு வந்தால் கால அளவு முதலில். கையிருப்பு 120, மாதாமாதம் கரைவது 10 என்றால் 12 மாதம் தாங்கும் என்பது நடுக்கோட்டுக் கணக்கு. வசூல் தாமதமாகி மாதத்துக்கு 14 கரைந்தால் எட்டரை மாதம். முதலீட்டாளரைச் சந்திப்பது, ஆவணச் சரிபார்ப்பு, வக்கீல் வேலை, பணம் கணக்கில் ஏறுவது எல்லாம் சேர்ந்து ஆறு மாதம் பிடித்தால் மிச்சம் இரண்டரை மாதம். அந்த நிலையில் பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மதிப்பீட்டில் ஒரு நுணுக்கம். முதலீட்டுக்கு முந்தைய மதிப்பு 80, வரும் பணம் 20, பிந்தைய மதிப்பு 100. முதலீட்டாளருக்கு 20 சதவீதம். இத்துடன் ஆப்ஷன் பூல், அதாவது ஊழியர்களுக்குப் பின்னால் தர ஒதுக்கிவைக்கும் பங்குகள், 10 சதவீதத்தை முந்தைய மதிப்புக்குள்ளேயே ஒதுக்கச் சொன்னால், அந்த 10 முழுவதும் நிறுவனர் பங்கிலிருந்து போகிறது. காகிதத்தில் 80, உண்மையில் 70. பூலின் அளவை அடுத்த 12, 18 மாதத்தில் ஆள் எடுக்கும் பட்டியலை வைத்துப் பேசினால் 10 பெரும்பாலும் குறையும்.

விற்கும்போது யாருக்கு முதலில் பணம் என்ற பிரிவு மதிப்பீட்டைவிட முக்கியம் என்பது என் கருத்து. மேலே சொன்ன 20 முதலீட்டை வைத்தே பாருங்கள். நிறுவனம் 50க்கு விற்கப்படுகிறது. சாதாரண ஒரு மடங்கு முன்னுரிமை என்றால் முதலீட்டாளர் தன் 20ஐயோ 20 சதவீதப் பங்கான 10ஐயோ, எது பெரியதோ அதை எடுப்பார்; மற்றவர்களுக்கு 30. பங்கேற்கும் முன்னுரிமை என்றால் 20ஐ எடுத்துவிட்டு மீதி 30லும் 20 சதவீதம், ஆக 26, மற்றவர்களுக்கு 24. விற்பனை 200 என்றால் முதல் வகையில் அவருக்கு 40, இரண்டாவதில் 56. ஒற்றைச் சொல்லுக்கு 16.

தொடக்க நிறுவனங்களுக்கு முதலீடு தரும் அமெரிக்க நிறுவனமான ஒய் காம்பினேட்டர் 2013இல் கொண்டுவந்த சேஃப் ஒப்பந்தம் இன்று தொடக்க நிலையில் பரவலாக இருக்கிறது. இப்போது பணம் வாங்கிக்கொண்டு, பங்கை அடுத்த சுற்றில் கொடுப்பது. வட்டி இல்லை, முதிர்வுத் தேதி இல்லை, இப்போது மதிப்பீடும் தேவையில்லை. 2018இல் வந்த பிந்தைய மதிப்பு வடிவில், போட்ட பணத்தை உச்சவரம்பால், அதாவது பங்குக் கணக்குக்கு ஒப்பந்தத்தில் எழுதிய அதிகபட்ச நிறுவன மதிப்பால், வகுத்தால் பங்கு வந்துவிடும். சிக்கல், அது சுலபம் என்பதுதான். 40 உச்சவரம்பில் 4, 50இல் 5, 60இல் 6 என்று மூன்று தடவை சின்னச் சின்னதாக வாங்கினால், ஒவ்வொன்றும் 10 சதவீதம். மூன்று ஒப்பந்தக்காரர்களும் ஒருவரை ஒருவர் நீர்க்கச் செய்வதில்லை. மூன்றும் நிறுவனரிடமிருந்தே போகிறது. அடுத்த சுற்றில் 20 சதவீதம் கொடுத்தால் மிஞ்சுவது 70இல் 80 சதவீதம், அதாவது 56. அதுவும் ஆப்ஷன் பூல் எடுப்பதற்கு முன்.