கிரேடு 3 என்றதும் பதற வேண்டாம்

அத்தையின் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் 'பி53 இயல்பு' (பி53 என்பது செல்கள் கட்டுமீறி வளராமல் தடுக்கும் ஒரு புரதம்) என்று ஒரு வரி. அதைப் புரிந்துகொள்ளப் போய் எங்கெங்கோ படித்தேன்.

பிஓஎல்இ என்றொரு மரபணு. டிஎன்ஏவை நகலெடுக்கும்போது எழுத்துப்பிழை பார்ப்பதும் அதன் வேலை. அது கெட்டால் கட்டியில் பிறழ்வுகள் ஆயிரக்கணக்கில் குவியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பல நேரம் கிரேடு 3, அதாவது செல்கள் மிக மோசமாக உருமாறிய நிலை, பார்த்தவுடனே வயிற்றைக் கலக்கும். ஆனால் அத்தனை பிறழ்வுகளும் சேர்ந்து கட்டியை நோய் எதிர்ப்புச் செல்களிடம் காட்டிக்கொடுத்துவிடுகின்றன!

இந்தப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மட்டும் போதுமா, கீமோவும் வேண்டுமா என்று பார்த்த போர்டெக்-3 ஆய்வில் இருந்த பெண்களின் திசுக்களை இப்படி மரபணுக் கோளாறுகளை வைத்து வகை பிரித்து 2020ல் முடிவு வெளியிட்டார்கள். பிஓஎல்இ வகையில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களிலேயே ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 97%. பி53 கெட்ட வகையில் வெறும் 36%. கீமோவும் சேர்த்தபோது அது 59% ஆனது. ஒரே நோய், ஒரே கிரேடு என்று நாம் நினைப்பதற்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது. 2023ல் ஃபிகோ என்ற பன்னாட்டு மகப்பேறு, மகளிர் மருத்துவ அமைப்பு ஸ்டேஜ் கணக்கிலேயே இதைச் சேர்த்துவிட்டது. என்னைக் கேட்டால் தாமதம்தான்.

அப்புறம் எம்எம்ஆர் குறைபாடு, அதாவது டிஎன்ஏ நகலில் விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் வேலை செய்யாத வகை. இதில் கீமோ சேர்த்துப் பெரிய லாபம் தெரியவில்லை. முற்றிய நிலையில் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) நன்றாகக் கேட்கிறது. சிலருக்கு இது பரம்பரையாக வரும், பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டும் லிஞ்ச் சிண்ட்ரோம். அப்படியென்றால் பிள்ளைகளுக்கும் பெருங்குடல் பரிசோதனை தேவைப்படலாம்.

பி53, எம்எம்ஆர் இரண்டையும் பயாப்ஸி திசுவிலேயே சாயமேற்றிப் பார்த்துவிடலாம். பிஓஎல்இக்குத்தான் பொதுவாக மரபணு வரிசை பார்க்க வேண்டும், செலவு கூடுதல். ரிப்போர்ட்டில் இவை இல்லையென்றால் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.