மச்சிலிருந்து விழுந்த கல்லும் கசங்கிய தாளும்

சனிக்கிழமைகளில் கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டு வளவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் புவியீர்ப்பு. வழக்கம்போல ஐந்து ரூபாய் நாணயத்தையும் நோட்டுப் புத்தகத் தாளையும் நெஞ்சுயரத்திலிருந்து விட்டேன். நாணயம் டங்கென்று விழுந்தது, தாள் ஆடி அசைந்து வந்தது. தாளைக் கசக்கி உருட்டி மறுபடி விட்டேன். இரண்டும் ஒன்றாக விழுந்தன. "எடை அதேதான், மாறினது காற்று மோதுற பரப்பு. வித்தியாசம் காற்றால வந்தது, கனத்தால இல்ல" என்றேன்.

கடைசியில் உட்கார்ந்திருந்த பெண், "சார், மச்சுல இருந்து போட்டுப் பாக்கவா?" என்றாள்.

"போய்ப் போடுத்தா."

ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த பக்கம் வேண்டாம், ஒன்று உடைந்தால் அதே பூ வேலைப்பாடு மறுபடி கிடைக்காது. கருங்கல் பாவிய நடுவாசலில் போடச் சொன்னேன். சுமார் ஆறு மீட்டர் உயரம். கூழாங்கல் முதலில் விழுந்தது, தாளுருண்டை நன்றாகப் பிந்தி வந்தது. மூன்று தடவை போட்டாள், மூன்றிலும் அப்படியே.

அவள் கண்டது சரி. காற்று இருக்கிற இடத்தில் கனத்துக்கும் வேலை உண்டு. விழும் வேகம் கூடக்கூடக் காற்றின் தடை அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. தடையும் எடையும் சமமானதும் அதற்கு மேல் வேகம் கூடாது, அதுதான் முற்றுத்திசைவேகம். தாளுருண்டை அந்த எல்லையைச் சீக்கிரமே நெருங்கிவிடும், கல்லுக்கு அது வெகுதூரத்தில் இருக்கிறது. நெஞ்சுயரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக அந்த உயரத்தோடு நிறுத்திக்கொண்டேன் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. "எடைக்குச் சம்பந்தமே இல்லை" என்று எழுதிப் போட்டுவிட்டால், பிள்ளை தன் கண்ணை நம்புவதா நோட்டை நம்புவதா?

நிலாவில் அந்தக் குழப்பம் கிடையாது. 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15-இல் போன டேவிட் ஸ்காட் 1.32 கிலோ சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார்; இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அங்கே காற்று இல்லை.

சரி, நமக்குக் காற்று இருக்கிறதே. இந்த வாரம் பேக்கரியில் கப் கேக்குக்கு அடியில் வைக்கும் மடிப்புத்தாள் கிண்ணங்களை வாங்கி வந்தேன். முகப்பில் ஓடிய மின்விசிறியை அணைத்தோம். நான்கு கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் வடிவம் அதேதான், எடை மட்டும் நான்கு மடங்கு. தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் விழும் வேகம் இரண்டு மடங்காகத்தான் வரவேண்டும். அப்படியென்றால் நான்கை மூன்று மீட்டரிலிருந்தும், ஒற்றையை ஒன்றரை மீட்டரிலிருந்தும் விட்டால்?

அந்தப் பெண்தான் ஏணியில் ஏறி நின்றாள். கீழே ஒற்றைக் கிண்ணத்தோடு ஒரு பையன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நொடியில் தரையில் உட்கார்ந்தன. ஏணியை விட்டு இறங்காமலே, "சார், ஒன்பது கிண்ணம் இருக்கா?" என்றாள்.