சீடை டாங்கிகளும் சித்தியின் சிவப்புத் துணியும்

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் சாப்பிட்டால் கையைக் கழுவினோமா கிளம்பினோமா என்று வர முடியாது. மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போதே போர் ஆரம்பித்துவிடும்.

இந்த வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் நீலப் பேனாவால் ஆறு வரைந்தார். தீப்பெட்டிதான் பாலம். 12 சீடை எதிரி டாங்கிகள். எனக்கு 30 வறுகடலை.

"ராத்திரி 2 மணி. நீதான் பிளட்டூன் கமாண்டர். விடியற வரைக்கும் இவனை இழுத்தடிக்கணும். யோசிக்க 5 நிமிஷம்."

எனக்கு அரை நிமிஷம் போதும். 30 கடலையையும் பாலத்தின் வாயில் குவித்து, "வீர மதராஸி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்றேன். அவருடைய ரெஜிமெண்ட் முழக்கமாச்சே, மனசு இளகும் என்று பார்த்தேன். ஒரே சீடையால் அத்தனை பேரையும் தரையில் தள்ளினார்.

"மணி 2:04. எல்லாரும் காலி. உன்னை ஜெயிக்கச் சொன்னாங்களா? தூரத்துலேர்ந்து சுடு. அவன் வரிசையைக் கலைச்சு, பரவி, தாக்கத் தயாராகறதுக்குள்ள நீ அடுத்த மேட்டுக்கு ஓடிடு. அங்கேர்ந்து மறுபடி சுடு. ஒட்டி வந்துட்டான்னா அப்புறம் கழட்டிக்க முடியாது."

மூன்று குழுவாகப் பிரித்தேன். 3:15 வரை ஓடியது. ஒரு குழுவை மட்டும் அக்கரையிலேயே மறந்துவிட்டேன்.

"அவங்க என்னடா பண்றாங்க, குளிக்கறாங்களா?"

தட்டு எடுக்க வந்த சித்தி தாளை எட்டிப் பார்த்தார். "ஒரு கயித்தைக் கட்டி சிவப்புத் துணியைத் தொங்கவிடறதுதானே? வாசல்ல சிமெண்ட் போட்டப்ப கட்டினோமே, காய்ஞ்சு ஒரு வாரம் ஆகியும் பால்காரர் கொல்லைப்பக்கமாத்தானே வந்தார்!"

நான் சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

"லோங்கேவாலா. 1971 டிசம்பர் 4 ராத்திரி. ராஜஸ்தான் பாலைவனம். மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரிகிட்ட சுமார் 120 பேர். எதிர்ல பாகிஸ்தானோட 40 டாங்கிக்கு மேல. நம்ம ஹண்டர் விமானங்களால ராத்திரி வர முடியாது, விடியணும். வந்தவன் முள்கம்பியைப் பார்த்தான். கண்ணிவெடி வயல்னு நினைச்சு நின்னுட்டான். தேடித் தேடிப் பார்த்ததுல நேரம் போச்சு. விடிஞ்சதும் ஜெய்சல்மேர்லேர்ந்து ஹண்டர் வந்து டாங்கி டாங்கியா அடிச்சுது."

சித்தி பூக்கட்டும் நாரைக் கிழித்துத் தீப்பெட்டியின் குறுக்கே போட்டார். சித்தப்பா அரை மனசாக, "சரி, 2 மணி நேரம் தர்றேன்" என்றார். 3:15, அப்படியே 5:15. விடிய இன்னும் முக்கால் மணி நேரம்.

மிச்சத்துக்கு என்ன வழி என்று நான் தாளையே முறைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கடக் கடக் என்று சத்தம். பார்த்தால், டாங்கிகள் ஏழுதான் இருந்தன. சித்தி வாயை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார்.

சித்தப்பா தாளை மடித்தார்.

"ஹண்டர் வந்தாச்சுடா. எழுந்திரு."