சீனக் கொய்யா பறிக்கப் போன கதை

மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் போனது ஜூன் மாதம். சீனக் கொய்யா பழுக்கிற பருவம். ஞாயிறு வந்தால் குடும்பம் குடும்பமாக மலைக்குப் பழம் பறிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அத்தான், அக்கா, தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அத்தானின் அப்பா, நான்.

பிளேன் ஷாம்பாஞ்சில் சாலையோரமே புதர்தான். நெல்லிக்காய் அளவில் சிவப்புப் பழம். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றால் நிறுத்த முடியாது. விதையைக் காட்டுப் பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தேன்.

"அங்கே துப்பாதீங்க தம்பி" என்றார் பெரியவர். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பெத்ரேனுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே காட்டின் ஒரு துண்டை வேலி போட்டுக் காக்கிறார்கள். வேலிக்கு வெளியே கொய்யாத் தண்டுகள், கை நுழைய இடமில்லை. அடியில் சருகைத் தவிர எதுவும் முளைக்கவில்லை. உள்ளே களை பிடுங்கிய தரையில் முழங்கால் உயரத்துக்கு எபெனிக் கன்று, நம் கருங்காலிக்குச் சொந்தக்கார மரம். டச்சுக்காரர்கள் வெட்டிக் கப்பலேற்றியது போக மிஞ்சிய இனம். கொய்யாவோ பிரேசில் பக்கத்துச் செடி. குரங்கும் பன்றியும் தின்றுவிட்டு விதையைக் காடெங்கும் போடுகின்றன. நல்ல நாட்டுக்காடு தீவில் 2 சதவீதம்கூட இல்லை. 1994இல் அறிவித்த பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இந்தக் கதி.

காடு அழிந்தது போதாதென்று மலேரியாக் கொசுவுக்காக அடித்த டிடிடி பூச்சிமருந்தும் சேர்ந்துகொண்டதில், மொரீஷியஸ் வல்லூறு 1974இல் காட்டில் 4 மட்டுமே இருந்ததாம். கூண்டில் பொரிக்க வைத்துத் திரும்பவும் பறக்கவிட்டார்கள். அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் திரும்பும்போது தாழ்ந்த கிளையில் ஓர் இளஞ்சிவப்புப் புறா. வெளுத்த ரோஜா நிற மார்பு, செம்பழுப்பு வால், காலில் தண்டை போட்டதுபோல் வண்ண வளையங்கள். ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிந்து கணக்கெடுக்கத்தான். 1990 வாக்கில் பத்துக்குக் குறைந்துபோன இனம் என்றால் அப்படித்தான் எண்ணவேண்டும். எலிக்கும் குரங்குக்கும் முட்டை தப்பினால்தானே அடுத்த தலைமுறை.

சரி, பழம் பறிப்பதே தப்பா என்று அக்கா கேட்டாள். "பறிங்கம்மா, நல்லாப் பறிங்க. விதையை மட்டும் இங்கே விட்டுட்டுப் போகாதீங்க" என்று பெரியவரும் பைக்குள் கைவிட்டார்.

மறுநாள் காலை ஷூவைக் கழுவ எடுத்தேன். அடிப்பள்ளத்தில் சேற்றோடு மூன்று விதை. குழாயடியில் விடாமல் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டேன்.