சிலை இல்லாத கோச்சைத் தேடி டஸ்கலூசால ஒரு நாள்

பொண்ணுக்கு காலேஜ் தேடுற வருஷம் இது. லிஸ்ட்ல அலபாமா யுனிவர்சிட்டியும் இருந்துச்சு, ஸ்காலர்ஷிப் நல்லா குடுப்பாங்கன்னு அவ ஃபிரெண்டு யாரோ சொன்னாளாம். சரின்னு மார்ச் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு கிளம்பினோம். அட்லாண்டால இருந்து டஸ்கலூசா சுமார் 200 மைல், ஐ-20 பிடிச்சா மேற்க ஒரே ரோடுதான், ஸ்டேட் பார்டர் தாண்டினதும் போன்ல மணி ஒரு மணி நேரம் பின்னாடி போயிடும், அந்த ஒரு மணி நேரம் சும்மா கிடைச்ச மாதிரி ஒரு சந்தோஷம், திரும்பி வரும்போது அதைப் பிடுங்கிப்பாங்கன்னு அப்ப ஞாபகம் வராது.

எனக்கு காலேஜ் டூர்ல பெருசா ஆர்வம் கிடையாது. எங்க ஆபீஸ்ல ஒரு டஸ்கலூசாக்காரர் இருக்காரு, அஞ்சு வருஷமா லஞ்ச் டைம்ல ஃபுட்பால் கதையா சொல்லி என்னைக் கெடுத்து வச்சிருக்காரு. ஃபுட்பால்னா நம்ம ஃபுட்பால் இல்ல, முட்டை மாதிரி பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவாங்களே அது. அதுலயும் காலேஜ் ஃபுட்பால்ல பிளேயருங்க நாலஞ்சு வருஷத்துல போயிடுவாங்க, கோச் மட்டும்தான் இருப்பாரு. அதனால ஊர்ல கோச்தான் சாமி. சாமி போனப்புறம் அந்த சீட்ல வந்து உக்காருறவன் கதிதான் எனக்குப் பிடிச்ச கதை.

பர்மிங்ஹாம் தாண்டினதும் பொண்ணுகிட்ட சொன்னேன், 1983 ஜனவரில இந்த ரோட்டோட ரெண்டு பக்கமும் லட்சக்கணக்குல ஜனம் நின்னுச்சு, அலபாமா கோச் பேர் பிரையண்ட் உடம்பு டஸ்கலூசால இருந்து பர்மிங்ஹாம் கல்லறைக்கு இதே வழியாத்தான் போச்சுன்னு. "பேரே பேரா?"ன்னு கேட்டா. பேர்னா கரடி, சின்ன வயசுல கரடியோட மல்லுக்கட்டினாராம், அதான் அந்தப் பட்டப்பேரு. 1958ல இருந்து 1982 வரைக்கும் 25 சீசன், 6 நேஷனல் சாம்பியன்ஷிப். கோச் வேலையை விட்டா நான் உயிரோட இருக்க மாட்டேன்னு விளையாட்டாச் சொல்லுவாராம். கடைசி மேட்ச் 1982 டிசம்பர் 29, லிபர்ட்டி பவுல் (சீசன் முடிஞ்சதும் நடக்கிற தனி மேட்சுக்கு பவுல்னு பேரு), இல்லினாய் டீமை 21-15ன்னு ஜெயிச்சாரு. சரியா 28 நாள்ல ஹார்ட் அட்டாக். பொண்ணு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கிட்டா.

அவளையும் வீட்டம்மாவையும் டூருக்கு அனுப்பிட்டு நான் ஸ்டேடியம் பக்கம் நழுவிட்டேன். மார்ச் மாசம்ங்கிறதால எங்க பாத்தாலும் பைன் மரத்து மஞ்சத் தூளு, கார் மேல விரலால பேரே எழுதலாம். பிரையண்ட்-டெனி ஸ்டேடியம் 1 லட்சம் பேர் உக்காருற சைஸ், ஊரோட ஜனத்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2024ல இருந்து உள்ள இருக்கிற மைதானத்துக்கு, அந்த வருஷம் ரிட்டயர் ஆன கோச் நிக் சேபன் பேர்ல, சேபன் ஃபீல்டுன்னு பேரு. பிரையண்ட் பேர்ல கட்டடம், சேபன் பேர்ல தரை, இப்ப கோச்சா வந்திருக்கிற ஆளு கேலன் டிபோர் இந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னு வேலை பாக்கணும்.

ஸ்டேடியத்துக்கு வடக்கால வரிசையா 5 வெண்கலச் சிலை. வாலஸ் வேட், ஃப்ராங்க் தாமஸ், பேர் பிரையண்ட், ஜீன் ஸ்டாலிங்ஸ், நிக் சேபன். நேஷனல் சாம்பியன்ஷிப் ஜெயிச்சவங்களுக்கு மட்டும்தான் இங்க இடம். எல்லாரும் சேபன் கூட செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க, நான் பிரையண்டுக்கும் ஸ்டாலிங்ஸுக்கும் நடுவுல இருந்த வெறும் தரையைப் போட்டோ எடுத்தேன். ஒரு பையன் என்னை ஒரு மாதிரியா பாத்துட்டுப் போனான். அந்த வெறும் தரைலதான், நடுவுல கோச்சா இருந்தும் சிலை கிடைக்காத ரெண்டு பேர் இருக்காங்க, ரே பெர்க்கின்ஸும் பில் கர்ரியும்.

பெர்க்கின்ஸ் பிரையண்டோட சொந்தச் சிஷ்யன், 1964, 1965 சாம்பியன் டீம்ல ஆடினவரு. நியூயார்க் ஜயண்ட்ஸ்ங்கிற ப்ரொஃபெஷனல் டீம்ல ஹெட் கோச்சா இருந்தவரு, குரு சீட்டுன்னதும் அதை விட்டுட்டு ஓடி வந்தாரு. (ஜயண்ட்ஸ்ல அவருக்கு அப்புறம் வந்த பில் பார்செல்ஸ் 2 சூப்பர் பவுல் ஜெயிச்சாரு, அது வேற வயித்தெரிச்சல்.) வந்தவரு என்ன பண்ணாரு, பிராக்டீஸ் மைதானத்துல பிரையண்ட் ஏறி நின்னு மேற்பார்வை பாத்த கோபுரத்தைக் கழட்டிட்டாரு. விஷ்போன்னு பிரையண்ட் வச்சிருந்த ஆட்ட முறையையும் தூக்கிட்டாரு, பழைய அசிஸ்டென்ட் கோச்சுங்க நிறைய பேரை அனுப்பிட்டாரு. ஊரு கொதிச்சுப் போச்சு. கோபுரத்தைப் பின்னால திரும்பக் கொண்டாந்து நிறுத்திட்டாங்க.

இதுல ஒரு கணக்கு இருக்கு. பிரையண்டோட கடைசி சீசன் 8 வெற்றி 4 தோல்வி. பெர்க்கின்ஸோட முதல் சீசனும் 8 வெற்றி 4 தோல்விதான், ரெண்டு பேருமே கடைசி பவுல் மேட்சை ஜெயிச்சுத்தான் முடிச்சாங்க. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க. அடுத்த வருஷம் 1984ல நிஜமாவே பொன்குடம் உடைஞ்சுது, 5 வெற்றி 6 தோல்வி, 1957க்கு அப்புறம் முதல் தடவையா வெற்றியை விடத் தோல்வி அதிகம். ஆனா அங்கேயே கிடக்கல மனுஷன், 1986ல 10 மேட்ச் ஜெயிச்சாரு. அதோட டாம்பா பே ப்ரொஃபெஷனல் டீமுக்கு வேலை மாறிப் போயிட்டாரு, அலபாமா கதை நாலு வருஷத்துல முடிஞ்சது.

கர்ரி கதை இன்னும் பாவம். பிரையண்ட் கிட்ட ஆடினவரும் இல்ல, ஜார்ஜியா டெக்ல படிச்சவரு, அதாவது வெளியாளு. 1988ல ஒரு மேட்ச் தோத்ததுக்கு அவரு ஆபீஸ் ஜன்னல் வழியா செங்கல்லை விட்டெறிஞ்சாங்க. 1989ல முதல் 10 மேட்சும் வரிசையா ஜெயிச்சாரு, 11வது அதே ஸ்டேட்ல இருக்கிற பரம எதிரி ஆபர்ன் கிட்ட தோத்தாரு, மூணு வருஷமும் ஆபர்ன் கிட்ட தோத்தவருன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அவரா கிளம்பி கென்டக்கிக்குப் போயிட்டாரு. அடுத்து வந்த ஸ்டாலிங்ஸ் பிரையண்டோட பழைய சிஷ்யன், 1992ல சாம்பியன்ஷிப் எடுத்தாரு, சிலையா நிக்கிறாரு.

சேபன் சிலை பக்கத்து பெஞ்ச்ல ஒரு பெரியவர் சிவப்புத் தொப்பியோட உக்காந்திருந்தாரு. நான் காலியிடத்தைப் போட்டோ எடுத்ததைப் பாத்துட்டாரு போல. "ரோல் டைட்"னாரு, இங்க அதுதான் வணக்கம், பதிலுக்கு நானும் "ரோல் டைட்" சொல்லிட்டுப் பக்கத்துல உக்காந்தேன். 1983ல ஹைவே ஓரத்துல நின்ன கூட்டத்துல அவரும் ஒருத்தராம், வேலைக்கு லீவு சொல்லாமலே வந்துட்டாராம். பெர்க்கின்ஸைப் பத்திக் கேட்டேன். கோபுரத்தை எடுத்தது தப்புன்னு இத்தனை வருஷம் கழிச்சும் மொத வார்த்தையா அதைத்தான் சொன்னாரு. டிபோர் எப்படின்னு கேட்டதுக்குப் பதிலே சொல்லல, "வாண்டர்பில்ட்"னு மட்டும் சொல்லிட்டுத் தலையை ஆட்டினாரு.

அது தெரியாதவங்களுக்கு: சேபன் 17 சீசன்ல 6 சாம்பியன்ஷிப் வாங்கிட்டு 2024 ஜனவரி 10ந்தேதி ரிட்டயர்மென்ட் சொன்னாரு, ரெண்டே நாள்ல வாஷிங்டன் யுனிவர்சிட்டில இருந்து டிபோரைக் கூட்டிட்டு வந்தாங்க. செப்டம்பர்ல ஜார்ஜியாவை 41-34ன்னு ஜெயிச்சதும் ஊரே தலைல தூக்கி வச்சு ஆடுச்சு. அடுத்த மேட்ச்லயே நாஷ்வில்ல இருக்கிற வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி கிட்ட 40-35ன்னு தோத்தாங்க, நம்பர் 1 டீமா இருக்கும்போது. நாஷ்வில் பசங்க கோல்போஸ்ட்டைப் பிடுங்கித் தோள்ல சுமந்துட்டுப் போய் ஆத்துல போட்டாங்க. அதுக்கு முன்னாடி வாண்டர்பில்ட் அலபாமாவை ஜெயிச்சது எப்ப தெரியுமா, 1984ல, 5 வெற்றி 6 தோல்வின்னு முடிஞ்ச அந்த வருஷத்துலதான், பெர்க்கின்ஸை. அங்க உக்காந்து போன்ல பாத்தப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. டிபோர் முதல் சீசனை 9 வெற்றி 4 தோல்வின்னு முடிச்சாரு. சேபன் அலபாமால முதல் சீசன் 2007ல 7-6, அதுவும் லூசியானா-மன்றோன்னு ஒரு சின்ன டீம் கிட்ட வீட்லயே தோத்தாரு, அதை யாராவது பேசுறாங்களா? அவரு வந்தப்ப டீம் பள்ளத்துல கிடந்துச்சு. பிரையண்ட் வந்தப்ப இன்னும் மோசம், அதுக்கு முந்தின 3 வருஷத்துல மொத்தம் 4 வெற்றிதான். பள்ளத்துல வேலைக்குச் சேந்தா நாலு படி ஏறினாலே மலை ஏறின மாதிரிதான், உச்சில சேந்தவன் எங்க ஏறுவான்?

ஆனா ஃப்ராங்க் தாமஸ் என் தியரிக்கு அடங்க மாட்டாரு. வேட் 3 சாம்பியன்ஷிப் எடுத்துட்டு 1930 சீசனோட டியூக்குக்குப் போனாரு, உச்சிலதான் தாமஸ் வந்தாரு, நல்லாத்தான் பண்ணாரு, பிரையண்டே அவருகிட்ட ஆடினவர்தான். பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். அப்ப டிவி இல்லன்னாரு. சேபன் இப்ப சனிக்கிழமை காலைல டிவில உக்காந்து ஃபுட்பால் பேசுறாரு, அதைத்தான் சொல்றாரோ என்னவோ.

எழுந்திருக்கும்போது அவரு சொன்னாரு, ரே கையைப் பாக்கணும்னா டெனி சைம்ஸுக்குப் போ, பத்து நிமிஷ நடைன்னு. எனக்குப் புரியல, ஆனா பசி வந்துடுச்சு, டூர் முடிஞ்ச ரெண்டு பேரையும் கூட்டிட்டு ட்ரீம்லேண்டுக்குப் போய் ரிப்ஸ் சாப்பிட்டோம். 1958ல ஆரம்பிச்ச கடை, பிரையண்ட் வந்த அதே வருஷம். வெள்ளை பிரெட்டைச் சாஸ்ல தொட்டுச் சாப்பிடச் சொல்றாங்க, நல்லாத்தான் இருந்துச்சு, சட்டைல ஒரு சொட்டு விழுந்து வீட்டம்மா முகம் மாறினதைத் தவிர.

அப்புறம்தான் டெனி சைம்ஸ். பெரிய புல்வெளி ஓரத்துல 115 அடி மணிக்கூண்டு, அதைச் சுத்தி தரைல சிமென்ட் பலகை பதிச்சிருக்காங்க, ஒவ்வொரு வருஷத்து டீம் கேப்டனும் ஈர சிமென்ட்ல கையும் காலும் பதிச்சு வச்சது. வருஷம் பாத்துத் தேடினோம், பொண்ணுதான் கண்டுபிடிச்சா. 1966, ரே பெர்க்கின்ஸ். அவரு 2020ல இந்த ஊர்லயேதான் இறந்தாரு. விரல் இடுக்குல மஞ்சத் தூளும் ஒரு பைன் ஊசியும் கிடந்துச்சு. பொண்ணு உக்காந்து ஊதிவிட்டுட்டு அவ கையை அதுக்குள்ள வச்சுப் பாத்தா, எங்கேயோ தொலைஞ்சு போச்சு அவ கை. "அப்பா, நீங்க வைங்க"ன்னா. வச்சேன், எனக்கும் பெருசாத்தான் இருந்துச்சு.